முறிந்த எலும்பும் புரிந்த சொல்லும்

மதவாச்சியிலிருந்து மன்னாருக்குச் செல்லும் வீதியிலே, வவுனியா மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில், செட்டிகுளம் என்னும் ஊர் அமைந்திருக்கின்றது. குளமும் வயலும் காடும் சூழ்ந்த ஊர். தலைமன்னார்ப் புகையிரதப் பாதையும் அவ்வூரைத் தொட்டுச் செல்கின்றது. எலும்பு முறிவதற்கு அங்கே வழிகள் பல உண்டு. உழவு இயந்திரம் வரம்பிலே சரிகின்றது. பாலைப்பழம் பறிக்க ஏறிய இளைஞன் கொப்பு முறிந்து விழுகின்றான். மாரிகாலத்துக் கிணற்றடியில் முதியவள் ஒருத்தி வழுக்கி விழுகின்றாள். இவை எல்லாவற்றிற்கும் மேலாக, மோட்டார் சைக்கிள் ஒன்று இருளிலே குறுக்கே வந்த மாட்டின்மீது மோதுகின்றது.

அவ்வாறு மோதி விழுந்தவர் நாற்பத்தைந்து வயதுக் கமக்காரர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வலது முழங்காலுக்குக் கீழேயுள்ள எலும்புகள் இரண்டும் முறிந்துவிட்டன. அயலவர் 1990 என்ற இலக்கத்தை அழைக்கின்றனர். சுவசெரிய வண்டி வருகின்றது. செட்டிகுளம் ஆதார வைத்தியசாலையிலே காலுக்கு அணைகொடுத்து, வலிக்கு மருந்து கொடுத்து, வவுனியாவுக்கு அனுப்புகின்றனர். மறுநாட் காலை விடுதியைச் சுற்றிப் பார்க்க வரும் சத்திரசிகிச்சை நிபுணர் அவருடைய கட்டிலருகே நிற்கின்றார். "இரண்டு எலும்பும் உடைந்திருக்கிறது. உள்ளே கம்பி வைத்துப் பொருத்த வேண்டும். முள்ளந்தண்டிலே ஊசி போடுவோம். நாளைக் காலை செய்வோம். இரவுக்குப்பின் ஒன்றும் சாப்பிடக் கூடாது. இதிலே கையொப்பம் இடுங்கள்." மூன்று நிமிடத்திற் பேச்சு முடிந்துவிட்டது. அடுத்த கட்டிலிலே இன்னொருவர் காத்திருக்கின்றார். அவருக்கு அப்பால் இன்னும் இருபது பேர்.

வைத்தியர் சொன்னவற்றிலே பிழை ஒன்றுமில்லை. ஆனால், அந்தக் கமக்காரருடைய உள்ளத்திலே எழுந்த கேள்விகள் வேறு. கம்பி என்றால் வேலிக்கு அடிக்கும் கம்பியைப் போன்றதா? அது காலுக்குள்ளேயே துருப்பிடிக்குமா? முள்ளந்தண்டில் ஊசி ஏற்றினால் வாழ்நாள் முழுவதும் இடுப்பு வலிக்கும் என்று சிறிய தாயார் சொல்லியிருக்கின்றாரே, அது மெய்யா? பெரும்போகத்துக்கு முன்னர் வயலில் இறங்க முடியுமா? இவற்றுள் ஒன்றையேனும் அவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. "விளங்கியதா?" என்று கேட்டபோது, "ஓம் ஐயா" என்று தலையசைத்தார். பள்ளிக்கூடத்திலே பாடம் நடத்தியவர் எவரும் அந்தத் தலையசைப்பை அறிவர். விளங்காத மாணவன்தான் முதலிலே தலையை அசைப்பான்.

இது நோயாளியின் அறியாமை அன்று, மனித இயல்பு. 2003 ஆம் ஆண்டிலே நெதர்லாந்து நாட்டு ஆய்வாளராகிய கெசல்ஸ் என்பவர், இத்துறையிலே அதுவரை நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து எழுதியபோது, வைத்தியர் கூறுவனவற்றுள் 40 முதல் 80 வீதம் வரை நோயாளரால் உடனேயே மறக்கப்படுகின்றது என்று குறிப்பிட்டார். அதனினும் கவலைக்குரியது மற்றொன்று: நினைவிலிருப்பதாக அவர்கள் எண்ணுவதிலும் ஏறக்குறைய அரைவாசி பிழையாகவே இருக்கின்றது. படித்தவர்க்கும் இது பொருந்தும். வலியும் அச்சமும் ஒருங்கே வந்து நிற்கும்போது காதிலே விழும் சொல் உள்ளத்திலே தங்குவதில்லை. "கம்பி" என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் அதற்குப் பின்னால் வந்த சொற்கள் யாவும் காற்றோடு போய்விடுகின்றன.

இதன் விளைவு சிறியதன்று. சிலர் கையொப்பம் இட மறுத்து, இரவோடு இரவாக வீடு செல்கின்றனர். சிலர் கையொப்பம் இட்டுவிட்டு, விடியற்காலையில் உறவினர் அன்போடு கொண்டுவந்த பால்தேநீரைப் பருகிவிடுகின்றனர், சத்திரசிகிச்சை பின்போடப்படுகின்றது. வயிற்றில் உணவு இருக்க மயக்கம் கொடுத்தால், அது மேலெழுந்து மூச்சுக் குழாயினுட் செல்லக்கூடும். வழமையாகத் திட உணவை ஆறு மணித்தியாலத்துக்கு முன்னரும், வெறுந் தண்ணீரை இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னரும் நிறுத்தச் சொல்கின்றனர். பால் கலந்த தேநீர் இந்தக் கணக்கிலே தண்ணீரன்று, உணவோடு எண்ணப்படுவது. இந்த ஒரு செய்தியைக் காரணத்தோடு சொல்லியிருந்தால், அந்தத் தாயோ மனைவியோ கோப்பையைக் கொடுத்திருக்க மாட்டார். "சாப்பிடக் கூடாது" என்ற கட்டளை மாத்திரம் அவர்களுக்குக் கிடைத்தது. தேநீர் சாப்பாடு அன்று என்பது அவர்களுடைய நியாயம்.

வைத்தியசாலையை விட்டு வெளியேறுபவர் எங்கே செல்கின்றார்? பெரும்பாலும் முறிவு வைத்தியரிடம். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடும் கலை நம் நாட்டிலே மிகப் பழையது. சுசுருதரின் நூலிலேயே மூங்கிலும் மரப்பட்டையும் அணையாக வைத்துக் கட்டும் முறை சொல்லப்பட்டிருக்கின்றது. யாழ்ப்பாணத்து ஒட்டகப்புலமும், ஆந்திர மாநிலத்துப் புத்தூரும் இக்கட்டினாலே பெயர் பெற்ற ஊர்கள். சென்னையிலே "புத்தூர்க் கட்டு" என்பது வீட்டுச் சொல்லாகவே வழங்குகின்றது. எலும்பு விலகாத எளிய முறிவுகள் பல, அசையாமல் வைத்துக் கட்டினால் தாமே பொருந்திவிடும். ஆகவே அவர்கள் கைக்கும் புகழ் உண்டு. தோல் கிழிந்து எலும்பு வெளிப்பட்ட முறிவும், மூட்டுக்குள்ளே சென்ற முறிவும், விலகி நிற்கும் தொடையெலும்பும் அவ்வாறல்ல. இறுக்கிய கட்டினாலே குருதியோட்டம் தடைப்பட்டு, விரல் கறுத்து, இறுதியிலே காலையே நீக்க நேர்ந்த செய்திகளை என்பியல் வைத்தியர்கள் துயரத்தோடு கூறுவர்.

ஆயினும், மக்கள் ஏன் அங்கே செல்கின்றனர் என்று வினவினால், மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது நியாயமாகாது. முறிவு வைத்தியர் திண்ணையிலே அருகில் அமர்கின்றார். காலைத் தொட்டுப் பார்க்கின்றார். இங்கே இப்படி முறிந்திருக்கின்றது, இத்தனை நாளிலே கட்டவிழ்ப்போம், இன்ன எண்ணெய் பூசுவோம் என்று நோயாளியின் சொந்த மொழியிலே, வீட்டார் யாவரும் கேட்கச் சொல்கின்றார். கேள்விக்கு விடை கிடைக்கின்றது. அவர் கூறுவது சில வேளை பிழையாக இருக்கலாம். ஆனால் அது புரிகின்றது. வைத்தியசாலையில் நடப்பது சரியாக இருக்கலாம். ஆனால் அது புரிவதில்லை. புரியாத சரியைவிடப் புரிந்த பிழையை மனிதன் விரும்புவது வியப்பன்று.

புரியும் மொழியிலே மருத்துவத்தைக் கொடுக்க வேண்டும் என்ற எண்ணம் ஈழநாட்டுக்குப் புதியதுமன்று. அமெரிக்காவிலே மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் 1822 இற் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியர் 1847 இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 1848 முதல் மானிப்பாயிலே வைத்தியம் செய்தார். அவர் இந்நாட்டு மாணவர்க்கு மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்திலே கற்பித்தார். ஆங்கிலத்திற் கற்றவர்கள் அரசாங்க உத்தியோகத்தை நாடி வெளியூர் சென்றுவிடக் கண்டார். கிராமத்தவர்க்கு மருத்துவம் கிட்ட வேண்டுமாயின், மருத்துவம் தமிழ் பேச வேண்டும் என்று துணிந்து, 1864 முதல் தமிழிலேயே கற்பிக்கத் தலைப்பட்டார். அதற்கு நூல் வேண்டுமன்றோ? மாணவர் துணையோடு நூல்களைப் பெயர்த்தார். துருயிற் என்பவரின் சத்திரவைத்திய நூல் "இரணவைத்தியம்" என்ற பெயரோடு 1867 இல் வெளிவந்தது. கிறேயின் உடற்கூற்று நூல் 1872 இல் "மனுஷ அங்காதிபாதம்" ஆயிற்று. எலும்பின் ஒவ்வொரு மேடுக்கும் பள்ளத்துக்கும் தமிழிலே பெயர் தேடி அலைந்த அந்த அந்நியரின் உழைப்பை எண்ணும்போது, தமிழ் அறிந்த இன்றைய நாம் ஒரு மூன்று நிமிடப் பேச்சைத் திருத்தி அமைப்பதற்குத் தயங்குவது சற்று வெட்கத்தைத் தருகின்றது. அவர் 1884 இல் அமெரிக்காவிலே காலமானார். மானிப்பாயிலே அவர் பெயரால் வைத்தியசாலை இன்றும் நிற்கின்றது.

கிறீன் வைத்தியர் மாணவருக்குத் தமிழில் எழுதினார். நோயாளருக்குத் தமிழிலே சொல்லும் வேலை இன்னும் மீதமிருக்கின்றது. வன்னியிலே அதற்கு மற்றுமொரு தேவையும் உண்டு. வைத்தியர்கள் நாட்டின் எல்லாப் பாகங்களிலிருந்தும் நியமனம் பெற்று வருகின்றனர். சிலர் சிங்களம் மட்டுமே நன்கு பேச வல்லவர். 1987 இல் அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தினாலே தமிழும் அரசகரும மொழியாயிற்று. ஆயினும், இரவு இரண்டு மணிக்கு விடுதியில் நிற்கும் இளம் வைத்தியருக்குத் திருத்தம் மொழிபெயர்ப்பாளராக வந்து நிற்பதில்லை. அங்கே நிற்கும் சிற்றூழியரோ, அடுத்த கட்டில் நோயாளியின் மகனோதான் மொழிபெயர்ப்பாளர். அவர்கள் நல்லெண்ணத்தோடு ஐந்து வாக்கியத்தை ஒன்றாகச் சுருக்குவர். சுருங்கியவற்றிலே அபாயக் குறிகள் விடுபட்டுப் போகலாம்.

செட்டிகுளத்திலே "ஒப்பரேஷன்" என்ற சொல்லுக்கு இன்னும் ஒரு நிழல் உண்டு. 2009 ஆம் ஆண்டிலே யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில் இடம்பெயர்ந்த மக்களுள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவ்வூரை அடுத்த மெனிக் பாம் முகாமிலே தங்கவைக்கப்பட்டனர். கதிர்காமர், ஆனந்த குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் என்று பெரியோர் பெயர்களால் அங்குள்ள பகுதிகள் வழங்கின. காயமுற்றோர் தொகை மிகப் பெரிது. வவுனியா வைத்தியசாலை நிரம்பி வழிந்தது. எல்லைகளற்ற வைத்தியர் அமைப்பு 2009 மே மாதத்திலே முகாமுக்கு அருகிற் கூடாரங்களால் ஒரு சத்திரசிகிச்சை வைத்தியசாலையை அமைத்தது. இந்தியாவிலிருந்து வந்த மருத்துவக் குழுவும் அங்கே பணியாற்றியது. குண்டின் சிதறலினாலே முறிந்த எலும்பு அழுக்கேறிய காயத்தோடு கூடியது. அதனுள்ளே உடனே கம்பியைச் செலுத்துவது தகாது. ஆகவே தோலுக்கு வெளியே இரும்புச் சட்டத்தைப் பூட்டி, அதிலிருந்து ஊசிகளை எலும்பிலே பதித்து நிறுத்துவது வைத்தியர்களுடைய முறை. அந்தச் சட்டத்தைக் காலிலே தாங்கிக்கொண்டு, வெயிலிற் காய்ந்த கூடாரத்தினுள்ளே மாதக்கணக்கிற் கிடந்தவர்கள் உண்டு. காலை இழந்தவர்களும் பலர். சத்திரசிகிச்சை என்றால் காலை வெட்டுவது என்று அவ்வூரார் சிலர் இன்றும் எண்ணுவார்களாயின், அந்த எண்ணத்தைக் கற்பனை என்று எவர் சொல்ல முடியும்? அவர்கள் கண்டது அது.

2010 இலே இந்திய அரசின் உதவியோடு மெனிக் பாமிலேயே செயற்கைக் கால் பொருத்தும் முகாம் ஒன்று நடந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஜெய்ப்பூர்க் கால் பெற்றனர். அந்தக் காலின் வரலாறு இங்கே சொல்லத் தக்கது. 1960களின் இறுதியிலே ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் பி. கே. சேத்தி என்ற என்பியல் வைத்தியரும் அதனை உருவாக்கினர். மேனாட்டுச் செயற்கைக் கால் சப்பாத்துப் போட்டு நாற்காலியில் அமர்பவருக்காக அமைந்தது. நம்மவரோ வெறுங்காலோடு நடப்பவர், சம்மணமிட்டு இருப்பவர், குந்தியிருப்பவர், சேற்றிலே இறங்குபவர். இவற்றுக்கெல்லாம் இடங்கொடுக்கும் வகையிலே ஜெய்ப்பூர்க் கால் அமைந்தமையாற்றான் அது மூலையில் கிடவாமல் நடந்தது. மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலே மூடப்பட்டுவிட்டது.

காலுக்குப் பொருந்திய இந்த நியாயம் கல்விக்கும் பொருந்துகின்றது. நோயாளருக்குச் சத்திரசிகிச்சையை விளக்கும் குறுங்காணொளிகள் இன்று உலகிலே ஆயிரக்கணக்கில் உள்ளன. கைத்தொலைபேசியிலே தேடினால் நொடியில் வந்து விழும். அவற்றிலே ஊன்றுகோல் பிடித்த ஒருவர் கம்பளம் விரித்த படிக்கட்டிலே ஏறுகின்றார். உயரமான மலசலகூட இருக்கையிலே அமர்கின்றார். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து பனிக்கட்டி எடுத்து முழங்காலில் வைக்கின்றார். செட்டிகுளத்து மணல் முற்றத்திலே ஊன்றுகோல் நான்கு அங்குலம் புதையும் என்பது அப்படத்திற்குத் தெரியாது. குந்தி இருக்கும் மலசலகூடத்துக்கு முறிந்த காலோடு எப்படிச் செல்வது என்பதுதான் வீடு திரும்புபவருடைய முதற் கவலை. கிணற்றடிப் பாசி, வாசற்படியின் உயரம், வயலுக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை ஆகியவற்றைக் காட்டாத காணொளி, சப்பாத்துக்காக அமைந்த செயற்கைக் காலைப் போன்றது.

ஆகவே காணொளியை இங்கேயே எடுக்க வேண்டும். அதற்குப் பெரிய செலவு இல்லை. ஒரு கைத்தொலைபேசியும், விடுதித் தாதி ஒருவரும், இயன்மருத்துவர் ஒருவரும், முன்னர் அதே சத்திரசிகிச்சை பெற்றுக் குணமடைந்து மனமுவந்து சம்மதிக்கும் ஒரு நோயாளியும் போதும். இம்மூவருள் மூன்றாமவரே முதன்மையானவர். இந்தியாவிலே 2006 அளவிலே தொடங்கிய டிஜிற்றல் கிறீன் என்ற முயற்சி, கமக்காரருக்கு வேளாண்மைக் காணொளி காட்டியபோது ஒன்றைக் கண்டது. பார்ப்பவர்கள் முதலிற் கேட்ட கேள்வி உரத்தைப் பற்றியதன்று; "அவர் யார்? எந்த ஊர்?" என்பதுதான். அயலூர்க் கமக்காரர் ஒருவர் தம் மொழியிலே சொன்னால் நம்பினர். (பெயரிலே மாத்திரமே இந்தக் கிறீனும் மானிப்பாய்க் கிறீனும் உறவு, நோக்கத்திலும் சிறிது உறவு இருக்கலாம்.) மருத்துவத்திலும் அவ்வாறே. பெங்களூரிலே நாராயண இருதய வைத்தியசாலையில் தொடங்கிய நூரா ஹெல்த் என்ற நிறுவனம், சத்திரசிகிச்சை முடிந்த நோயாளியின் குடும்பத்தவரை விடுதியிலே ஒன்றுகூட்டி, காணொளி காட்டி, வீட்டிற் செய்ய வேண்டியவற்றைச் செய்து பழக்குகின்றது. தாழ்வாரத்தில் வெறுமனே காத்திருந்த உறவினர் அதனாலே பராமரிப்பாளர் ஆகின்றனர். நம் வைத்தியசாலைகளிலும் கட்டிலைச் சுற்றி உறவினர் இல்லாத நேரம் குறைவு. அந்தக் கூட்டத்தை இடைஞ்சல் என்று எண்ணுவதிலும் வகுப்பு என்று எண்ணுவது இலாபமானது.

காணொளி ஒன்றாக நீண்டிருத்தல் ஆகாது. மூன்று அல்லது நான்கு நிமிடத்துக்கு மேற்பட்டால் வலியோடு இருப்பவர் கண்ணை மூடிவிடுவார். சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் ஒன்று, மறுநாள் ஒன்று, வீடு செல்லும் வேளையில் ஒன்று, அவ்வளவே. முதலாவதிலே கம்பியைக் கையில் எடுத்துக் காட்ட வேண்டும். அது வேலிக்கம்பியன்று, துருப்பிடிக்காத உருக்காலோ டைட்டேனியத்தாலோ ஆனது. எலும்பின் நடுவேயுள்ள குழலினூடாக அதனைச் செலுத்தும் முறையை ஜெர்மனியிலே குன்ற்ஷர் என்ற வைத்தியர் 1939 இல் தொடங்கினார். இரண்டாம் உலகப் போரிலே ஜெர்மனியிற் சிறைப்பட்டுத் திரும்பிய விமானப்படையினர் சிலருடைய தொடைக்குள் நீண்ட கம்பி இருப்பதை எக்ஸ்ரே படத்திலே கண்டு, அவர்களுடைய நாட்டு வைத்தியர்களே திகைத்தனர். வைத்தியருக்கே அன்று திகைப்பாயிருந்தது, கமக்காரருக்கு இன்று திகைப்பாயிருத்தலிற் குற்றமென்ன?

அதே படத்திலே சொல்ல வேண்டிய மற்றொன்று, கம்பி எலும்பை ஒட்டுவதில்லை என்பது. நாற்று நிமிர்ந்து நிற்பதற்குக் குச்சி கட்டுவது போல, கம்பி எலும்பைப் பிடித்து நிறுத்துகின்றது; வளர்வது எலும்பே. முறிந்த இடத்திலே குருதி உறைகின்றது. சில வாரத்திலே அங்கே மென்மையான இணைப்புத் தோன்றுகின்றது. அது மெல்ல மெல்லச் சுண்ணாம்பேறிக் கடினமாகின்றது. பின்னர் மாதக்கணக்கிலும் ஆண்டுக்கணக்கிலும் பழைய வடிவத்தை அடைகின்றது. கை எலும்புக்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆகலாம். கால் எலும்புக்கு மூன்று நான்கு மாதம் ஆகலாம், சில வேளை அதனினும் நீளலாம். இதனை அறிந்தவர், காலிலே வலி குறைந்துவிட்டது என்பதற்காக மூன்றாம் வாரத்திலே மூட்டை தூக்க மாட்டார். சுருட்டும், வெற்றிலையோடு சேரும் புகையிலையும் எலும்பு பொருந்துவதைத் தாமதப்படுத்துகின்றன என்பதனையும் இங்கேயே சொல்லிவிடலாம். முள்ளந்தண்டு ஊசியைப் பற்றிய அச்சத்தையும் மறைக்காமற் பேச வேண்டும். ஊசி போட்ட இடத்திலே சில நாள் நோவு இருக்கலாம். சிலருக்குத் தலைவலி வரலாம். வாழ்நாள் முழுவதும் இடுப்புவலி அதனாலே வருவதில்லை. அபாயங்களை ஒளிக்கும் காணொளி விளம்பரமாகிவிடும். புண் சீழ்பிடித்தல், குருதி உறைந்து கட்டியாதல், எலும்பு பொருந்தாது போதல் ஆகியவை அரிதாகவேனும் நேர்வன என்று சொல்லியபின் பெறும் கையொப்பமே சம்மதம் என்ற பெயருக்கு உரியது.

இரண்டாவது படம் சிறியது. பாதத்தை மேலும் கீழும் அசைத்தல், ஆழ்ந்து மூச்சு விடுதல், கட்டிலிலிருந்து எழும் முறை ஆகியவற்றை இயன்மருத்துவர் செய்து காட்டினாற் போதும். ஏன் அசைக்க வேண்டும் என்ற காரணத்தையும் கூறிவிட வேண்டும். முறிந்த காலை அசைக்கவே கூடாது என்று வீட்டார் காவல் நிற்பது வழக்கம். குருதி நாளத்திலே உறையாமல் இருப்பதற்கு அந்தச் சிறிய அசைவு உதவுகின்றது.

மூன்றாவது படமே மிகுதியாக உழைக்க வேண்டியது. பிளாஸ்டர் போட்ட கையோ காலோ மருந்துக்கும் அடங்காமல் மேலும் மேலும் வலித்தால், விரல் வெளிறினால் அல்லது நீலம் பாய்ந்தால், மரத்துப்போனால், அசைக்க முடியாதுபோனால், விடியும்வரை காத்திருத்தல் கூடாது. இறுகிய கட்டின் உள்ளே சில மணித்தியாலத்திலேயே தசை அழிந்துவிடும். காய்ச்சல், துர்நாற்றம், கட்டு நனைந்து கசிதல் ஆகியனவும் குறிகளே. இரும்புச் சட்டம் பூட்டியவருக்கு ஊசி நுழையும் இடத்தைத் துப்புரவு செய்யும் முறையைக் கையோடு காட்ட வேண்டும். உணவைப் பற்றியும் ஒரு சொல் அவசியம். மீன் கிரந்தி, முட்டை கிரந்தி, புண் ஆறாது என்று சொல்லி, எலும்பு வளர்வதற்குப் புரதம் மிகவும் வேண்டிய காலத்திலே நோயாளிக்குக் கஞ்சியை மாத்திரம் கொடுக்கும் வீடுகள் உண்டு. அன்பினாற் செய்வது அது. ஆகவே அதனைப் பழிக்காமல் மாற்ற வேண்டும். குளத்து மீன் குழம்போடு சோறு உண்ணும் நோயாளி ஒருவரைப் படத்திலே காட்டிவிட்டால் ஒரு சொற்பொழிவு மிச்சமாகும்.

இத்தனைக்கும் காணொளி ஒரு கருவியே. அது கேள்வி கேட்கும், விடையைக் கேளாது. பல நாடுகளிலே செய்த ஆய்வுகள், காணொளி பார்த்த நோயாளர் தம் சிகிச்சையைப் பற்றிக் கூடுதலாக அறிந்திருந்தனர் என்றும், சிலருக்கு அச்சமும் குறைந்தது என்றும் காட்டுகின்றன. அதனாலே எலும்பு விரைவிற் பொருந்தும் என்று எவரும் வாக்குக் கொடுத்தலாகாது. மேலும், கைத்தொலைபேசியிலே படத்தை ஓடவிட்டுத் தாதியர் அப்பாற் சென்றுவிடுவாராயின், மூன்று நிமிடப் பேச்சுக்குப் பதிலாக மூன்று நிமிடப் படம் வந்தது என்பதைத் தவிர மாற்றம் ஒன்றும் இல்லை. காது மந்தமானவர் உண்டு. கண் தெளியாதவர் உண்டு. விடுதியின் இரைச்சல் உண்டு. படம் முடிந்ததும் ஒருவர் அருகே அமர்ந்து, "விளங்கியதா?" என்று கேளாமல், "வீட்டிலே போய் உங்கள் மனைவிக்கு இதை எப்படிச் சொல்வீர்கள்? எனக்குச் சொல்லிக் காட்டுங்கள்" என்று கேட்க வேண்டும். நல்ல ஆசிரியர் பாடத்தின் முடிவிலே செய்வதும் இதுவே. திருப்பிச் சொல்லும்போது எங்கே தடுமாறுகின்றாரோ அங்கேதான் பாடம் மீண்டும் தொடங்குகின்றது. சிங்களம் பேசும் இளம் வைத்தியருக்கும் இதிலே ஒரு நன்மை உண்டு: தமிழிற் சொல்ல வேண்டியதைப் படம் பிழையின்றிச் சொல்லிவிடும், எஞ்சிய இரண்டொரு கேள்விகளுக்கு மாத்திரமே மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுவார்.

படத்திலே தோன்றும் நோயாளியின் உரிமையைப் பற்றியும் எண்ண வேண்டும். வேதனையிற் கிடப்பவரை எழுதிய சம்மதமின்றிப் படம்பிடித்து, அது ஊரெங்கும் கைக்குக் கை போகுமாயின், அது கல்வியாகாது. இரத்தமும் வெட்டுக்காயமும் காட்டுவதும் வேண்டாத வேலை. ஒரு வாழைத்தண்டையும் ஒரு நீண்ட குச்சியையும் கொண்டு எலும்பையும் கம்பியையும் விளக்கிவிடலாம், சிறுபிள்ளைக்கும் விளங்கும்.

செட்டிகுளத்திலும் அயற்கிராமங்களிலும், 2009 இலே பொருத்திய தகட்டையும் திருகாணியையும் இன்றும் உடலிலே சுமப்பவர்கள் வாழ்கின்றனர். அதனை எடுக்க வேண்டுமா, இருக்க விடலாமா என்று அவர்களுட் சிலர் இன்னும் அறியார். வலியோ புண்ணோ தொல்லையோ தராத உலோகத்தைப் பெரியவர்களிடத்தே பெரும்பாலும் அப்படியே விட்டுவிடுவர். சிறுபிள்ளைகளுக்கு வளரும் எலும்பாதலால் எடுக்க நேரிடலாம். பழைய தழும்பிலே சீழ் கசிந்தால் உடனே கிளினிக்குக்குச் செல்ல வேண்டும். மூன்று வாக்கியம். பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகச் சிலர் அந்த மூன்று வாக்கியத்தைக் கேளாமலே இருக்கின்றனர். கேட்டால் மீண்டும் வெட்டிவிடுவார்களோ என்று அஞ்சி, கேட்காமலும் இருக்கின்றனர். நோயாளர் விடுதிக்காக எடுக்கும் படங்களிலே அவர்களுக்கும் ஒன்றைச் சேர்த்து, கிராமத்துச் சனசமூக நிலையத்திலோ கிளினிக் வரிசையிலோ காட்டலாம்.

நமது கமக்காரருக்கு மீள்வோம். அவருடைய கட்டிலருகே தாதி ஒருவர் கைத்தொலைபேசியைப் பிடித்திருக்கின்றார். திரையிலே அயலூர்ப் பெண்மணி ஒருவர், காலிலே தழும்போடு, தம் வீட்டு முற்றத்தில் ஊன்றுகோலின் அடியிலே அகன்ற இறப்பர்த் துண்டைப் பொருத்தி, மணலிலே நடந்து காட்டுகின்றார். கமக்காரர் இருமுறை பார்த்தார். பின்னர் முதன்முறையாக வாய் திறந்து, "பிள்ளை, அந்த இறப்பரை எங்கே வாங்கலாம்?" என்று கேட்டார்.